தேனையும் கருப்பட்டியையும் தூளாக்குவது: ஸ்பிரே டிரையருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் தேன் வைத்திருக்கிறவர்கள், கடற்கரைப் பக்கம் கருப்பட்டி வாங்கி விற்கிறவர்கள், மட்டிப் பழத்தை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்கள், இவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "ஸ்பிரே டிரையரில் இன்லெட் எத்தனை டிகிரி வைக்கணும்?" இன்லெட் என்றால் சூடான காற்று உள்ளே நுழையும் இடம். எண்ணைச் சொல்லிவிடலாம், 160-இல் இருந்து 180-க்குள். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தேனை ஊற்றினால் தூள் வராது, சேம்பர் (துளிகள் காயும் பெரிய கலம்) சுவரில் பசை மாதிரி வழியும், ஒரு நாள் முழுக்க வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டியிருக்கும். முதலில் கேட்க வேண்டியது வேறு. என் கையில் இருக்கிற பொருளில் எந்தச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை டிகிரியில் ஒட்ட ஆரம்பிக்கும், காற்று வெளியேறும் இடத்தில் என்ன வெப்பம், என்ன ஈரம்? இதைப் பிடித்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வரும்.

முதலில் இயந்திரம். திரவத்தை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடித்து, சூடான காற்றுக்குள் விடுகிறோம். துளி சிறியது என்பதால் அதன் பரப்பு மிக அதிகம், சில நொடிகளில் தண்ணீர் ஆவியாகிவிடும், மிச்சம் தூளாகச் சைக்ளோனில், அதாவது காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பில், வந்து விழும். 1872-இலேயே அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், ஆகவே புதுமை ஒன்றும் இல்லை. 170 டிகிரிக் காற்றில் போட்டால் தேன் கருகிவிடாதா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கருகாது. துளியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும், வியர்வை காயும்போது உடம்பு குளிர்வது போலத்தான். அப்போது துளியின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவதே கடினம். தண்ணீர் தீர்ந்த பிறகுதான் துளி சூடேறும், அப்போது அது வெளியேறும் காற்றின் வெப்பத்தை நெருங்கும். அதனால்தான் இன்லெட்டை விட அவுட்லெட் வெப்பநிலையைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தூளைத் தொடுகிற வெப்பம் அதுதான்.

எதைக் காய வைக்கலாம், எதை வேண்டாம்

நம் மாவட்டத்தில் இருந்து ஸ்பிரே டிரையருக்குப் பொருத்தமானவை என்று நான் நினைப்பவை தேன், கருப்பட்டி, அக்கானி (பதநீர்), பழச்சாறுகள். தேங்காய்ப்பாலும் ஆகும், ஆனால் அதில் கொழுப்பு இருப்பதால் கொழுப்பைப் பொதிந்து பிடிக்கப் புரதமும் சேர்க்க வேண்டும், அது தனிக் கதை, இங்கே தொடப்போவதில்லை.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு, நம் வீட்டுச் சோற்றுக்கு இணையாக இருந்தது, அதில் ஏதாவது செய்ய வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சாதாரண மரச்சீனி மாவுக்கு ஸ்பிரே டிரையர் தேவையே இல்லை. மாவுச்சத்து குளிர்ந்த தண்ணீரில் கரையாது, வடித்து, பிழிந்து, வெயிலிலோ ஃபிளாஷ் டிரையரிலோ காய வைப்பதுதான் மலிவு. தண்ணீர் நிறைந்த பாலாகவே அதை டிரையருக்குள் அனுப்பினால், பிழிந்தே எடுத்திருக்கக்கூடிய தண்ணீருக்கும் எரிபொருள் செலவழித்ததாக ஆகும். அந்த மாவை என்சைம் வைத்து உடைத்து மால்டோடெக்ஸ்ட்ரின் ஆக்கினால் மட்டும்தான் ஸ்பிரே டிரையர் அர்த்தமுள்ளதாகிறது. அது பெரிய ஆலை வேலை.

ஒட்டுவது ஏன்

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் புதியவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான்.

பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கோடையில் கலகலவென்று தனித்தனியாக இருக்கும். ஆனி, ஆடிச் சாரல் பிடித்துவிட்டால், மூடியைச் சரியாக மூடாத ஜாடியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். மிட்டாய் என்பது படிகம் ஆகாமல் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கிற சர்க்கரை. ஸ்பிரே டிரையரில் வருகிற தூளும் அதே கண்ணாடிதான், நுண்ணிய துகளாக இருக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே கண்ணாடியாக விறைப்பாக இருக்கும், அதற்கு மேலே போனால் ரப்பர் மாதிரி இளகும். இதைக் கண்ணாடிநிலை வெப்பநிலை என்கிறோம். அதைவிட 10, 20 டிகிரி மேலே துகள் போய்விட்டால் பிசுபிசுத்துவிடும், எதைத் தொடுகிறதோ அதில் ஒட்டும்.

முழுக்கக் காய்ந்த நிலையில் ஃபிரக்டோஸுக்கு அந்த அளவு வெறும் 5 டிகிரி பக்கம். குளுக்கோஸுக்கு 31. நாம் டீயில் போடும் சீனி, அதாவது சுக்ரோஸ், 62. பாலில் உள்ள லாக்டோஸ் 101. மால்டோடெக்ஸ்ட்ரின், அதிலும் டி.இ. 10 வகை என்றால் (டி.இ. என்னவென்று கீழே சொல்கிறேன்), 160. இந்த எண்களைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். தேனில் பெரும்பங்கு ஃபிரக்டோஸும் குளுக்கோஸும்தான். 80 டிகிரியில் காற்று வெளியேறுகிற சேம்பருக்குள் 5 டிகிரியிலும் 31 டிகிரியிலும் இளகுகிற சர்க்கரை எப்படித் தூளாக நிற்கும்? எவ்வளவு சூட்டைக் கூட்டினாலும் நிற்காது, கூட்டக் கூட்ட இன்னும் மோசமாகும். "சூடு பத்தவில்லை" என்று பர்னரைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

இதில் தண்ணீர் இன்னொரு வில்லன். காய்ந்த சுக்ரோஸுக்கு 62 என்று சொன்னேன், அதில் 3 சதவீதம் ஈரம் இருந்தால் 40 பக்கம் இறங்கிவிடும். அதாவது ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் ஏழெட்டு டிகிரி போகிறது. அதனால் அவுட்லெட்டைக் குறைத்தால் துகளின் வெப்பம் குறையும், நல்லதுதான், ஆனால் ஈரம் கூடி ஒட்டும் வெப்பநிலையும் கூடவே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, உங்கள் வேலை அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பது.

எவ்வளவு மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது

இளகும் சர்க்கரையோடு இளகாத ஒன்றைக் கலந்தால் கலவையின் கண்ணாடிநிலை மேலே ஏறும். அதற்குத்தான் மால்டோடெக்ஸ்ட்ரின். விலை குறைவு, சுவை அநேகமாக இல்லை, தண்ணீரில் நன்றாகக் கரையும், குழகுழப்பும் அதிகம் தராது.

எவ்வளவு என்பதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது, இந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் 1990-களில் கொடுத்தது, நான் இன்றும் முதல் கலவைக்கு இதையே பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு உலரும் மதிப்பெண்: மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு 1.6, சுக்ரோஸுக்கு 0.85, குளுக்கோஸுக்கு 0.51, ஃபிரக்டோஸுக்கு 0.27, சிட்ரிக் அமிலத்துக்குக் கழித்தல் 0.4. கலவையில் ஒவ்வொன்றும் எத்தனை பங்கோ அதை அதன் மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 1 வர வேண்டும். 1-க்குக் குறைந்தால் ஒட்டும்.

தேனுக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ தேனில் சுமார் 80 கிலோ திடப்பொருள், அதில் ஃபிரக்டோஸ் 38, குளுக்கோஸ் 31, மீதி மால்டோஸும் மற்றவையும். கணக்குப் பண்ணினால் தேனின் திடப்பொருளுக்கு 0.45 பக்கம் மதிப்பெண் வரும். அதை 1-க்கு உயர்த்த, தேன் திடப்பொருள் பாதி, மால்டோடெக்ஸ்ட்ரின் பாதி வேண்டும். அதனால்தான் "நூறு சதவீதம் தேன், தூள் வடிவில்" என்று யாராவது விற்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. சாதாரண ஸ்பிரே டிரையரில் அப்படி வராது.

சுத்தமான சுக்ரோஸ் என்றால் இதே கணக்கில் சுக்ரோஸ் 80-க்கு மால்டோடெக்ஸ்ட்ரின் 20 போதும். நல்ல கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ஆனால் கொஞ்சம் உடைந்த சர்க்கரையும் தாதுக்களும் இருப்பதால் நான் 65-க்கு 35-இல் ஆரம்பிக்கச் சொல்வேன், அங்கிருந்து மெல்லக் குறைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அக்கானி இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்க என்று எல்லோருக்கும் தெரியும். புளித்தால் சுவை மட்டும் போவதில்லை, சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்துவிடுகிறது. 0.85 மதிப்பெண் இருந்த பொருள் 0.39-க்கு வந்துவிட்டது. 80-க்கு 20 போதும் என்று இருந்தது 50-க்கு 50 கேட்கும். ஒரே பனை, ஒரே டிரையர், நேற்று நன்றாக வந்த தூள் இன்று ஏன் ஒட்டுகிறது என்று இயந்திரத்தைத் திட்டுகிறவர்கள் முதலில் அக்கானி எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்று கேட்க வேண்டும். பழைய, கசிந்த கருப்பட்டியும் அப்படித்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மிச்சம் பிடித்த காசு மால்டோடெக்ஸ்ட்ரினுக்கும் கழுவுகிற தண்ணீருக்கும் போய்விடும். எலுமிச்சை, புளி மாதிரி எதையும் சுவைக்காகக் கரைசலில் சேர்த்துச் சூடாக்காதீர்கள், அமிலமும் சூடும் சேர்ந்தால் சுக்ரோஸ் உடையும், அமிலத்தின் மதிப்பெண் வேறு கழித்தலில் இருக்கிறது.

வாங்கும்போது டி.இ. என்ன என்று கேளுங்கள். மாவுச்சத்து எந்த அளவுக்கு உடைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. டி.இ. கூடக் கூட இனிப்பும் கூடும், ஒட்டுதலும் கூடும். 10-இல் இருந்து 12 வரை எனக்குப் பிடித்தது. 20-க்கு மேல் போனால் அது மால்டோடெக்ஸ்ட்ரின் கணக்கிலேயே வராது, குளுக்கோஸ் சிரப் பொடி ஆகிவிடும், விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள்.

கரைசல் தயாரிப்பது

ஒரு சின்னத் தொகுதிக்குக் கணக்கு. தேன் 50 கிலோ, அதில் திடப்பொருள் 40. மால்டோடெக்ஸ்ட்ரின் 40 கிலோ, அதிலும் 5 சதவீதம் ஈரம் இருக்கும், திடப்பொருள் 38. மொத்தம் 78. கரைசலில் 40 சதவீதம் திடப்பொருள் வேண்டும் என்றால் மொத்த எடை 195 கிலோ, ஆக 105 லிட்டர் தண்ணீர். இதில் இருந்து 3 சதவீத ஈரத்தில் கணக்குப்படி 80 கிலோ தூள் வர வேண்டும், 115 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். மணிக்கு 50 கிலோ ஆவியாக்கும் இயந்திரம் என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். இதையே 20 சதவீதக் கரைசலாக நீர்க்க விட்டால் 310 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும், கிடைக்கிற தூள் அதே 80 தான். எரிபொருள் பில் எங்கே ஏறுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். முடிந்த வரை கெட்டியாக அனுப்புங்கள், ஆனால் துளியாகச் சிதற முடியாத அளவுக்குக் கெட்டியாக வேண்டாம். 40-இல் ஆரம்பித்து 45, 50 என்று மெல்லப் போங்கள்.

அக்கானியில் இயற்கையாகவே 12 சதவீதம் பக்கம்தான் சர்க்கரை. அதை அப்படியே அனுப்புவது பெரிய வீண். முதலில் காய்ச்சிக் கூப்பனி (கெட்டிப் பாகு) பதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அல்லது வசதி இருந்தால் வெற்றிடக் கலத்தில் குறைத்து, பிறகு கலக்குங்கள்.

தண்ணீரை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, மால்டோடெக்ஸ்ட்ரினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள், ஒரே மூச்சில் கொட்டினால் உள்ளே காய்ந்த மாவுடன் கட்டிகளாக நிற்கும். முழுக்கத் தெளிந்த பிறகு தேனை ஊற்றுங்கள். கருப்பட்டி என்றால் தனியாக வெந்நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் அடங்க விட்டு, மேலே தெளிந்ததை எடுத்து 100 மெஷ் சல்லடையில் வடிக்க வேண்டும். கருப்பட்டியில் சுண்ணாம்புத் துகள், மணல், ஓலைத் துணுக்கு எல்லாம் இருக்கும், நாசில் (கரைசலைத் தெளிக்கும் முனை) அடைத்துக்கொண்டால் ஓட்டத்தை நிறுத்திக் கழற்ற வேண்டிவரும். ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ், அதாவது கரைந்த சர்க்கரையின் சதவீதம், பார்த்துக் குறித்து வையுங்கள். அது சீனிக்கு அளவு வைத்த கருவி, மால்டோடெக்ஸ்ட்ரின் கலவையில் உண்மைத் திடப்பொருளில் இருந்து கொஞ்சம் விலகும், ஆனால் தொகுதிக்குத் தொகுதி ஒப்பிட அது போதும்.

ஓட்டுவது

திரவத்தைத் துளியாகச் சிதறடிக்கும் பாகமான அட்டமைசரில் மூன்று வகை. சுழலும் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் சுற்றுச் சுற்றித் திரவத்தைப் பக்கவாட்டில் வீசும், அதற்கு அகலமான சேம்பர் வேண்டும், குறுகலான சேம்பரில் போட்டால் துளி காய்வதற்குள் சுவரில் அடிக்கும். உயர் அழுத்த நாசில் பெரிய ஆலைகளில். அழுத்தக் காற்றால் சிதறடிக்கும் இருதிரவ நாசில் சின்ன இயந்திரங்களில், கம்ப்ரசர் செலவு அதிகம், ஆனால் புதியவர் கையாள எளிது.

வரிசை இதுதான். முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன், பிறகு பிளோயர், பிறகு சூடு. இன்லெட் 165 வரும் வரை வெறும் காற்று. அப்புறம் அட்டமைசரை ஓடவிட்டு, வெறும் தண்ணீரை ஃபீட் ஆகக் கொடுங்கள். தண்ணீரின் ஓட்டத்தைக் கூட்டினால் அவுட்லெட் இறங்கும், குறைத்தால் ஏறும். 80-இல் பத்து நிமிடம் அசையாமல் நிற்கும் வரை பழகுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கவே வேண்டாம், சேம்பர் சுவரெல்லாம் ஒரே சூட்டுக்கு வருவது அப்போதுதான். பிறகு தண்ணீரில் இருந்து கரைசலுக்கு மாற்றுங்கள். மாற்றியவுடன் அவுட்லெட் கொஞ்சம் ஏறும், கரைசலில் தண்ணீர் குறைவு அல்லவா, பம்பை மெல்லக் கூட்டிச் சரி செய்யுங்கள். இன்லெட்டைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டைத் திருகினால் எது எதற்குக் காரணம் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

பார்வைக் கண்ணாடி வழியாகச் சுவரைப் பாருங்கள். மெல்லிய தூள் படிந்து, தட்டினால் உதிர்ந்தால் பரவாயில்லை. ஈரமாக வழிந்தால் துளி பெரிதாக இருக்கிறது அல்லது ஃபீட் அதிகம். ஈரமே இல்லை, ஆனால் தோல் மாதிரி உரிகிறது, விரலில் இழுபடுகிறது என்றால் அது ஒட்டும் வெப்பநிலைப் பிரச்சினை, அவுட்லெட்டை 75-க்குக் குறைத்துப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு மால்டோடெக்ஸ்ட்ரினைக் கூட்டுங்கள். தூளில் பழுப்புப் புள்ளிகள் வந்தால் நாசிலைச் சுற்றியோ சூடான காற்று நுழையும் இடத்திலோ எங்கேயோ படிந்து கருகுகிறது, அதை உடனே கவனிக்க வேண்டும், காரணம் கீழே சொல்கிறேன்.

முடிக்கும்போதும் தண்ணீரில் முடியுங்கள், கரைசலில் முடித்தால் நாசில் அடைத்துவிடும். சூட்டை அணைத்து, அவுட்லெட் 50-க்குக் கீழே வந்த பிறகுதான் ஃபேனை நிறுத்த வேண்டும்.

80 கிலோ கணக்குக்கு முதல் தொகுதியில் 55, 60 கிலோ கையில் வந்தால் மனம் தளராதீர்கள். மீதி சுவரிலும் சைக்ளோனைத் தாண்டிப் போன நுண்தூளிலும் இருக்கும்.

நம் ஊர்க் காற்று

வெளியூரில் கற்றுக்கொண்டு வந்தவர்களைத் தடுக்கி விழ வைப்பது இது, என்னையும் விழ வைத்தது. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவிலும் கடற்காற்று விடாது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒவ்வொரு கிலோ காற்றும் 21 கிராம் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் டிரையருக்குள் நுழைகிறது. வறண்ட ஊரில் 25 டிகிரி, 60 சதவீதம் என்றால் 12 கிராம். உள்ளே 35 கிராம் பக்கம் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே 47 கிராமோடு வெளியேறும் காற்று இங்கே 56 கிராமோடு வெளியேறுகிறது. அதே அவுட்லெட் வெப்பத்தில் நம் தூள் கொஞ்சம் அதிக ஈரத்தோடு வரும். அதனால் ஒருவர் கோயம்புத்தூரில் 78 டிகிரியில் ஓட்டுகிறார் என்று நாமும் அதையே நகல் எடுக்கக் கூடாது. சாரல் மாதங்களில் மால்டோடெக்ஸ்ட்ரினை நூற்றுக்கு ஐந்து பங்கு கூட்டி, அவுட்லெட்டை ஓரிரு டிகிரி ஏற்றி ஓட்டுவது என் வழக்கம்.

56 கிராம் ஈரமுள்ள காற்று 42 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துவிடும். சைக்ளோனுக்கும் அதன் குழாய்க்கும் வெப்பக் காப்பு இல்லாமல் தகரமாக விட்டிருந்தால், வெளியே மழை அடிக்கும்போது உள்சுவரில் தண்ணீர் கோர்க்கும், தூள் அங்கே களிம்பாகும். இயந்திரம் வாங்கும்போது காப்பு எங்கே வரை போட்டிருக்கிறது என்று நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியம், தூள் விழுகிற அறை. என்னுடைய முதல் தேன் தூள் ஓர் ஆடி மாதம். சேம்பர் சுத்தமாக இருந்தது, தூள் மணல் மாதிரிக் கொட்டியது, ஒரு வேலைக்கார நண்பரும் நானும் அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனோம். டிரம் திறந்து கிடந்தது. திரும்பி வந்தபோது மேல்பகுதி ஈர மணல், சாயங்காலம் ஒரே பாளம், கம்பியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. தூளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சூடாக விழுந்த தூள் மெல்ல ஆறும்போது, 80 சதவீத ஈரக் காற்றைக் குடித்திருக்கிறது. சைக்ளோனுக்குக் கீழே தனி அறை, ஏசி, ஈரநீக்கி, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள், தூளை 30 டிகிரிக்குள் ஆற வைத்து உடனே அலுமினிய லேமினேட் பையில் அடைத்து சீல். பெரிய இயந்திரம் வாங்கக் காசு ஒதுக்கிவிட்டு இந்த அறைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதவர்கள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள், இயந்திரம் சின்னதாக இருக்கட்டும்.

கட்டி தட்டாமல் இருக்கச் சிலிக்கன் டையாக்சைடு, டிரைகால்சியம் பாஸ்பேட் சேர்க்கலாம், அனுமதித்த அளவுக்குள். ஆனால் ஒட்டும் தூளை அவை காப்பாற்றாது, நல்ல தூளுக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான்.

தீ

சர்க்கரைத் தூள் வெடிக்கும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்து எல்லாம் அதே ஆபத்து. காற்றில் தூள் மிதந்து, ஒரு பொறி கிடைத்தால் போதும். மேலே சொன்ன பழுப்புக் கட்டி உள்ளே கனன்றுகொண்டிருந்தால் அதுவே பொறி. சேம்பருக்கு வெடி அழுத்தம் வெளியேறும் கதவு இருக்கிறதா, அது ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். எல்லா உலோகப் பாகத்துக்கும் எர்த்திங். தரையில் விழுந்த தூளை கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவதைக் கண்டிப்பாக அனுமதிக்காதீர்கள். முந்திரித்தோடு, தேங்காய்ச் சிரட்டை எரிக்கும் ஹாட் ஏர் ஜெனரேட்டர் வைத்தால் புகை உணவைத் தொடாமல் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகத்தான் காற்று சூடாக வேண்டும், அதன் குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று அடிக்கடி சோதியுங்கள்.

வாங்குவதற்கு முன்

சொந்தமாக இயந்திரம் போடும் முன் வேறு இடத்தில் சோதனை ஓட்டம் எடுங்கள். தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆகிய மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள், நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் பாப்பனம்கோட்டில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.ஐ.எஸ்.டி., கிழங்குப் பயிர்களுக்கு ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், இவர்களிடம் பேசிப் பாருங்கள். போகும்போது உங்கள் தேனையும் உங்கள் கருப்பட்டியையும் கொண்டு போங்கள், அங்கே கிடைப்பதில் சோதித்தால் பயன் இல்லை. 2020-இல் தொடங்கிய சிறு உணவுத் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் கடனோடு இணைந்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்று வைத்திருந்தார்கள், இப்போதைய நிலையை நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபிள் விஷயத்தில் நேர்மையாக இருங்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பொருள்களை எடை அதிகமானதில் இருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். பாதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால் பாதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்று தெரிய வேண்டும். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று நம்பிச் சர்க்கரை நோய் உள்ளவர் வாங்கிப் போவார், மால்டோடெக்ஸ்ட்ரின் ரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும், அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. மார்த்தாண்டம் தேன் என்கிற பெயரைத் தேனீ வளர்த்தவர்கள் மூன்று தலைமுறையாகச் சம்பாதித்திருக்கிறார்கள், நாம் அதை ஒரு பாக்கெட்டில் கெடுத்துவிடக் கூடாது.

ஒவ்வொரு தொகுதியிலும் ஈரம், நீர்ச் செயல்பாடு (தூளில் கட்டுப்படாமல் இருக்கிற தண்ணீரின் அளவுகோல்) இரண்டையும் பாருங்கள், ஈரம் 3 சதவீதத்துக்குள், நீர்ச் செயல்பாடு 0.25-க்குள் இருந்தால் நிம்மதி. அதோடு இரண்டு பைகளைத் தனியாக எடுத்து வையுங்கள், ஒன்று ஏசி அறையில், ஒன்று கடைக்காரர் வைப்பது போலவே வெளித் திண்ணை அலமாரியில். ஒரு சாரல் பருவம் முழுக்க அது அங்கே இருக்கட்டும். பிறகு இரண்டையும் வெட்டித் தட்டில் கொட்டுங்கள். திண்ணைப் பை தானாகக் கொட்டினால் கடைகளுக்கு அனுப்பலாம். தட்டித்தான் விழுகிறது என்றால் பையின் சீலை முதலில் பாருங்கள், அப்புறம் கலவையை.